செந்தூர்க் கடற்கரையில் மூன்று நாள்

போன இதழில் மாவடு போடுவதைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "அடுத்த தடவை உங்களை அடுப்படியை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஊட்டி, கொடைக்கானல் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! கோவில்பட்டிக்காரியான நான் போய்வந்தது திருச்செந்தூருக்கு. அதுவும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அத்தை நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் அது.

எங்கள் கொழுந்தன் மகனுக்கு ஆவணி வந்தால் மூன்று வயது. கொழுகொழுவென்று இருப்பான். நடந்தான், ஓடினான், ஏணியில்கூட ஏறினான். பேச்சு மட்டும் வரவில்லை. "ம்... ம்..." என்று கையைக் காட்டுவான், அவ்வளவுதான். அவர்கள் ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டியதற்கு, "சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். "அவங்க தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று அத்தையும் சமாதானம் சொல்வாள். சொல்லிக்கொண்டே செந்தூர் முருகனுக்கு மொட்டையும் பால்குடமும் நேர்ந்துவிட்டாள்.

எனக்கு தைப் பொங்கலுக்கே ஒரு சந்தேகம். அன்றைக்கு முற்றத்தில் என் மகன் அணுகுண்டு வெடித்தான். தெருவில் இருந்த நாயெல்லாம் ஓடியது. இவன் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்புத் தோகையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஓரகத்தி பிள்ளையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொன்னால் அது எப்படியெல்லாம் திரும்பி வரும் என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு மூன்று மாசம் ஓட்டிவிட்டேன்.

கத்திரி வெயில் தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது கிளம்பினோம். அத்தை, இவர், நான், என் பிள்ளைகள் இரண்டு பேர், கொழுந்தன், ஓரகத்தி, சின்னவன் என்று எட்டுப் பேர். திருநெல்வேலியில் ரயில் மாறினோம். அங்கிருந்து செந்தூர் போகிற ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். தாமிரபரணிக் கரையோடு வாழைத்தோட்டமும் வயலுமாகப் போய், ஆறுமுகநேரியில் திடீரென்று உப்பளம் வந்துவிடும். வெள்ளை வெளேரென்று குவித்திருப்பார்கள். காயல்பட்டினம் தாண்டினால் செந்தூர்தான்.

ஸ்ரீவைகுண்டம் வந்ததும் அத்தை ஜன்னல் வழியாகக் கைகூப்பினாள். இது குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயதுவரை வாய் பேசாமல் இருந்தவரைப் பெற்றோர் செந்தூருக்குக் கொண்டு போய்க் கிடத்த, முருகன் அருளால் பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதை. அத்தை அதைச் சொல்லச் சொல்ல, ஓரகத்தி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இதே ஸ்டேஷனில்தான் 2023 டிசம்பர் 17 இரவு வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்ற நிலையில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், அவர்கள் வீட்டில் பரண்மேல் ஏறி உட்கார்ந்த கதையைச் சொன்னாள். அப்போது வண்டி நீளமாக ஊதியது. பக்கத்து சீட்டுக் கைக்குழந்தை வீரிட்டது. சின்னவன் அசையவில்லை. நான் மறுபடியும் வாயைத் திறக்கவில்லை.

செந்தூரில் போனதும் முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு, அப்புறம்தான் சாமி. இதுதான் அங்கே முறை. மற்ற ஊர்க் கோயில்களில் ராஜகோபுர வாசல் வழியாகச் சாமியைப் பார்க்கப் போவோம் இல்லையா? இங்கே சாமி கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார். ஒன்பது நிலைக் கோபுரமோ முதுகுப்பக்கம், மேற்கே இருக்கிறது. கடல்பக்கம் கோபுரம் கட்ட இடம் ஏது? இலங்கையிலிருந்தும் வேறெங்கிருந்தும் கப்பலில் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் அந்தக் கோபுரம்தான் அடையாளமாக இருந்திருக்கும் என்று இவர் சொன்னார். இருக்கலாம். சங்க நூல்களிலேயே இந்த ஊருக்கு அலைவாய் என்று பேர்.

கோயிலைப் பற்றி இன்னொரு கதை என் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1640-களில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். போகும்போது உற்சவ மூர்த்தியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக, புயல் வந்ததாம்; பயந்துபோய்க் கடலில் போட்டுவிட்டார்களாம். வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கிற இடத்தில் தேடு என்று சொல்ல, அங்கே மூழ்கி எடுத்தார்களாம். "எலுமிச்சம்பழம் எப்படிம்மா அங்கேயே நிக்கும், அலை அடிச்சிட்டுப் போகாதா?" என்று கேட்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் கதை சொல்வது அவ்வளவு சுலபமில்லை!

நாழிக்கிணறு கடலுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். படி இறங்கிப் போனால் உள்ளே சின்னதாக ஓர் ஊற்று. கடல் உப்பு உடம்பெல்லாம் கரித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீர் மேலே பட்டால் அப்படி ஒரு சுகம். முருகன் தன் படைகளின் தாகத்துக்கு வேலால் உண்டாக்கியது என்று சொல்வார்கள். மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது, அதனால் கலக்காமல் மேலே நிற்கும் என்று என் மகன் பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பித்தான். அத்தை, "ரெண்டும் சரிதான், தலையைத் துவட்டு" என்றாள்.

உள்ளே சாமி கும்பிட்டுவிட்டு, பன்னீர் இலையில் மடித்த விபூதியை வாங்கினோம். அந்த இலையில் பன்னிரண்டு நரம்பு, முருகனுக்குப் பன்னிரண்டு கை. அத்தை அதில் ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னவன் நாக்கில் தடவினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் மேளம் தொடங்கியது. நாகஸ்வரக்காரரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவில்காரர் கிட்டே போய் நின்று, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாகக் கையை நீட்டித் தவிலின் மேல் வைத்தான். வைத்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! "பாத்தியா, பாட்டுன்னா உசிரு எம்பேரனுக்கு" என்று அத்தை பூரித்துப் போனாள். என் வயிற்றை என்னவோ செய்தது.

மொட்டை போட்டுச் சந்தனம் தடவி, சாயங்காலம் கடற்கரைக்கு வந்தோம். கோயிலுக்கு வடக்கே மணற்பாறையைக் குடைந்த வள்ளி குகை இருக்கிறது. குனிந்து, நெருக்கியடித்துப் போகவேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெளியே நின்று கும்பிட்டாலே போதும். கடற்கரை நெடுகச் சுண்டல், பனங்கற்கண்டு, சிப்பி மாலை என்று வியாபாரம். முத்து மாலை என்று சொல்லி விற்றால் இந்தக் கடல் முத்து என்று நம்பி வாங்காதீர்கள். பாண்டியர் காலத்திலிருந்து பேர்போன முத்துக்குளிப்பு தூத்துக்குடிக் கடலில் 1961-க்கு அப்புறம் நடக்கவில்லை.

கடலில் இறங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செந்தூர்க் கடல் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அடியில் பாறை உண்டு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினால் அந்தப் பாறைகள் பாசியோடு வெளியே தெரியும். அதன்மேல் ஏறிப் போட்டோ எடுக்கப் போய் வழுக்கி விழுகிறவர்கள் நிறைய. பௌர்ணமி ராத்திரி கடற்கரையில் தங்குவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, கூட்டம் நெரிபடும். கைக்குழந்தைக்காரர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். புடவையை முழங்காலுக்கு மேல் நனையவிடாதீர்கள், நனைந்த புடவை அலையில் காலைச் சுற்றும். நான் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன், நாற்பத்தைந்து வயசில்! சொறி மீன் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது. கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு டாக்டரிடம் காட்டவேண்டும்.

சின்னவன் கரையோரம், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். நாங்கள் பத்தடி தள்ளிச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அதுவரை வந்ததைவிடப் பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது. ஓரகத்தி கத்தினாள். கொழுந்தன் கத்தினான். முன்பின் தெரியாத சனங்கள்கூட, "ஏ பையா! ஏலே!" என்று கூச்சல் போட்டார்கள். பிள்ளை தலையை நிமிர்த்தவேயில்லை. இவர்தான் பாய்ந்துபோய் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினார். அலை இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அவனோ, திடீரென்று தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று திகைத்துப் போய்ப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் போதுமாயிருந்தது.

ராத்திரி விடுதி அறையில் அவன் பாயில் உட்கார்ந்து சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஓரகத்தியைக் கூப்பிட்டேன். "இங்க பாரு" என்று சொல்லி, அவனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை. திரும்பவில்லை. "காலை ஓங்கித் தரையில மிதி" என்றேன். மிதித்தாள். உடனே திரும்பினான். "வீட்டில கதவைச் சாத்தினா திரும்புறானே அக்கா, அதனாலதானே..." என்று பாதியில் நிறுத்திவிட்டாள். அவன் திரும்புவது சத்தத்துக்கு இல்லை; தரை அதிர்வதற்கு. நாம் உதட்டை அசைப்பதையும் கையைக் காட்டுவதையும் பார்த்துத்தான் இதுவரை எல்லாம் புரிந்துகொண்டிருக்கிறான்.

"எம் பிள்ளை செவிடுன்னு சொல்றீங்களாக்கா?" என்றாள். நான் என்ன சொல்ல? "காதைக் காட்டணும்னு சொல்லுதேன். பொங்கலுக்கே சொல்லியிருக்கணும். பயந்துபோய்ச் சொல்லலை" என்றேன். "பொங்கலுக்கேயா?" என்று கேட்டவள், அதன்பிறகு அன்று ராத்திரி என்னிடம் பேசவில்லை. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும்.

மறுநாள் ஏற்கெனவே வேன் பேசியிருந்ததால் போகாமல் இருக்க முடியவில்லை. வேனில் பேச்சே இல்லை. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயிலைப் பார்த்தோம். தசராவுக்கு ஊரே வேஷம் கட்டுகிற இடம், அந்தச் சமயத்தில் ஒருமுறை வரவேண்டும். இங்கேதான் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். என் மகன் ராக்கெட்டைத் தேடி ஏமாந்தான்.

அங்கிருந்து மணப்பாடு. செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில். கட்டி நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கிய குகையும் மேட்டின் கீழே இருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட அந்தக் காலத்தில் தோணியில் வருவார்களாம். மேட்டின்மேல் நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் அலையே இல்லாத காயல். அலைப்பக்கம் பையன்கள் பலகையின்மேல் நின்று சறுக்கி விளையாடுகிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் காயல் பக்கமே வையுங்கள், அங்கேயும் கண்ணை எடுக்காதீர்கள்.

ஊருக்குள் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். சாயம் ஏற்றிய ஓலையும் வெள்ளோலையும் மாற்றி மாற்றி, விரல் போகிற வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான், முந்தின ராத்திரியிலிருந்து பேசாமல் வந்த அத்தை வாயைத் திறந்தாள்.

"அந்தக் காது டெஸ்டு... எவ்வளவு ஆகும்?"

"கவர்மெண்டு ஆஸ்பத்திரில பண்ணுறாங்க அத்தை."

"செலவு ஆனாலும் பரவால்ல" என்று இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் தடவிக்கொண்டாள். "நேர்ந்தது நேர்ந்ததுதான். அதுக்காக டெஸ்டு பண்ணக்கூடாதுன்னு அவன் சொல்லலையே." ஓரகத்தி அப்போதுதான் அழுதாள். முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது. ஓலை முடைந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி. கடைக்கார அம்மாள் ஒன்றை உடைத்துக் காட்டி, "உள்ளே சீனிமாதிரி மினுமினுங்குச்சுன்னா கலப்படம், மங்கலா இருந்தாதான் அசல்" என்று சொல்லிக் கொடுத்தாள். சுக்கு, மிளகு போட்ட சில்லுக்கருப்பட்டியும் வாங்குங்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதில் கொடுக்கலாம். கருப்பட்டிக் காபி போடும்போது பால் திரிகிறது என்று பலர் எழுதுகிறீர்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறியபிறகு சேருங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் "கருப்பட்டிதானே" என்று அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அதுவும் சர்க்கரைதான். எங்கள் அத்தைக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

பொழுது சாய தேரிக்காட்டுக்குப் போனோம். கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல்மேடு. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் உருண்டு புரண்டார்கள். அந்த வறண்ட மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் தண்ணீர் நிற்கிற சுனை. பதநீர்க்காரர் ஒருவர் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். சின்னவன் இரண்டு பட்டை குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று சைகை காட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் இன்னொரு தடவை கடலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அடுத்த வாரமே அரசு மருத்துவமனையில் காட்டினார்கள். பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து மூளைக்குப் போகிறதா என்று மெஷினில் பார்க்கிறார்கள். வலி கிடையாது. இரண்டு காதிலும் கடுமையான கேள்விக் குறைவு என்று வந்தது. "பிறந்தபோது மஞ்சள் காமாலை இருந்ததா?" என்று டாக்டரம்மா கேட்டார்களாம். கண்ணாடிப் பெட்டியில் பத்து நாள் வைத்திருந்த பிள்ளை. கடுமையான காமாலை, குறைமாசப் பிரசவம், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், மூளைக்காய்ச்சல் இதெல்லாம் இருந்தால் காதைக் கட்டாயம் பார்க்கவேண்டுமாம். பிறந்த குழந்தைக்கே இந்தச் சோதனை செய்யலாம். ஆறேழு மாசத்தில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பவில்லை என்றாலோ, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றாலோ காத்திருக்கவேண்டாம். எனக்குத் தெரிந்தே மூன்று மாசம் போயிற்றே என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. அது போதவில்லை என்றால் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன். அதை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். பேச்சு எப்போது வரும் என்று யாரும் தேதி குறித்துக் கொடுக்கவில்லை. கருவியைப் பிடுங்கி எறிகிறான், ஒருநாள் தொட்டிக்குள் போடப் பார்த்தான் என்று ஓரகத்தி போனில் புலம்புவாள். அவள் என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்ததே பெரிய விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டாள். ஒரே அழுகைச் சத்தம். பதறிப்போய் என்னவென்று கேட்டால், குக்கர் விசில் கேட்டுப் பயந்து அழுகிறானாம். "கேக்குதாக்கா, அவன் அழுறது கேக்குதா?" என்று போனை அவன் பக்கத்தில் பிடித்துக்கொண்டேயிருந்தாள்.

மொட்டை முடிந்தது, பால்குடம் பாக்கி என்கிறாள் அத்தை. ஆவணித் திருவிழாக் கூட்டம் குறைந்ததும் இன்னொரு தடவை போவதாக இருக்கிறோம். கருப்பட்டியும் தீர்ந்துவிட்டது.